கோட்டு நடுவரின் கோட்டு

இடைசெவல் சுந்தரேஸ்வரி பதினோரு வருடங்களாக டென்னிஸ் கோட்டு நடுவராக இருந்தார். அந்தப் பதினோரு வருடங்களில் அவர் கண் தவறியதாக ஒரு புகார்கூட வந்ததில்லை. உடை தவறியதாக நாற்பத்திரண்டு புகார்கள் வந்திருந்தன.

கோட்டு நடுவரின் வேலை எளிது. மைதானத்தின் ஓரத்தில் வெள்ளைக் கோட்டுக்கு நேராகக் குனிந்து நிற்க வேண்டும். பந்து வெளியே விழுந்தால் கையைப் பக்கவாட்டில் நீட்டி ‘அவுட்’ என்று கத்த வேண்டும். உள்ளே விழுந்தால் இரண்டு உள்ளங்கைகளையும் தரையை நோக்கி விரித்துக் காட்டினால் போதும். கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக வாரம் முழுவதும் விசில் ஊதித் தொண்டை கட்டிக்கொள்ளும் அவருக்கு, சனி ஞாயிறுகளில் பேசாமல் நிற்கும் இந்த வேலை பிடித்திருந்தது.

வட்டாரத்தில் முதலில் ஒரே டென்னிஸ் சங்கம்தான் இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன், அதன் ஆண்டு விழாவில் தலைவருக்கும் துணைத்தலைவிக்கும் கருத்து வேறுபாடு வந்தது. தலைவர் பூவனநாதன் தீப்பெட்டி ஆலை முதலாளி. துணைத்தலைவி ஜானகியம்மாள் ஜவுளிக்கடை வைத்திருந்தார். நடுவர்களின் தொப்பியில் சங்கத்தின் சின்னம் நெற்றிக்கு நேராக இருக்க வேண்டுமா, இடது காதுக்கு மேலே இருக்க வேண்டுமா என்பதுதான் பிரச்சினை. விவாதம் மதியச் சாப்பாடு வரை நடந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு சங்கம் இரண்டாக இருந்தது.

பூவனநாதனுடையது தென்கரிசல் டென்னிஸ் பேரவை. ஜானகியம்மாளுடையது தென்கரிசல் டென்னிஸ் கூட்டமைப்பு. எது அசல் என்று வழக்கு நடந்தது. தீர்ப்பு வரும் வரை இருக்கும் நிலையே தொடரட்டும் என்று இடைக்கால உத்தரவு வந்தது. இருக்கும் நிலை இரண்டு அமைப்புகள் என்பதால் இரண்டு தரப்பும் வெற்றி என்று அறிவித்து வெடி போட்டன.

அந்த ஆனி மாதம் நடக்கவிருந்த வட்டாரப் போட்டிக்கு இரண்டு சுற்றறிக்கைகள் சுந்தரேஸ்வரி வீட்டுக்கு ஒரே நாளில் வந்தன. பேரவை, உலகத் தரத்தில், நேவி ப்ளூ கோட்டு, வெள்ளை முழுக்கைச் சட்டை, முழங்காலுக்கு நான்கு விரற்கடை கீழே நிற்கும் காலுறை என்று கேட்டது. கூட்டமைப்பு, மண்ணின் பண்பாட்டின்படி, மண் நிறப் பருத்திச் சுடிதாரும் இரண்டு தோளிலும் பின் குத்திய துப்பட்டாவும் கேட்டது. துணி எந்தக் கடையில் கிடைக்கும் என்பதும் அதில் இருந்தது. இரண்டில் எதை மீறினாலும் நடுவர் உரிமம் ரத்து.

சுந்தரேஸ்வரி இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தையல் கடை வைத்திருந்த மந்திரமூர்த்தியிடம் போனார்.

“கோட்டு நடுவர்னா கோட்டு போடுத நடுவர்னு நெனச்சேன் டீச்சர்,” என்றார் மந்திரமூர்த்தி.

“இல்ல அண்ணாச்சி. கோடு. தரையில போடுத கோடு.”

“அப்போ இந்தக் கோட்டு எதுக்கு?”

“அது தெரிஞ்சா நான் ஏன் ரெண்டு நாளா இங்கனயும் அங்கனயும் அலையுதேன்.”

மந்திரமூர்த்தி தாள்களைத் திருப்பித் திருப்பிப் படித்தார். முப்பது வருடத் தொழிலில் ஒரே உடம்பு ஒரே நேரத்தில் இரண்டு உடையில் இருக்க வேண்டிய தேவை அவருக்கு வந்ததில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். மண் நிறச் சுடிதாருக்கு வெள்ளைக் காலரும் வெள்ளைக் கைநுனியும் வைத்தார். மேலே கோட்டைப் போட்டால் உள்ளே வெள்ளைச் சட்டை போலத் தெரியும். கோட்டைக் கழற்றி, காலரை உள்ளே மடக்கி, தோளில் இருந்த டிச் பட்டன்களில் துப்பட்டாவை மாட்டினால் சுடிதார்.

“நாப்பது செகண்டுல மாத்திரலாம்,” என்றார். “ஆனா வெயிலுக்கு நான் பொறுப்பில்ல.”

போட்டியின் தலைமை நடுவர் இசக்கிராஜா. வங்கியில் ஓய்வு பெற்றவர். யார் மனமும் நோகக் கூடாது என்பதற்காகவே எந்த முடிவையும் எடுக்காமல் அறுபத்து மூன்று வயதுக்கு வந்தவர். இந்த முறை அவர் ஒரு முடிவு எடுத்தார். ஒரு செட்டுக்குள் வரும் ஒற்றைப்படை ஆட்டங்களில் பேரவை உடை. இரட்டைப்படை ஆட்டங்களில் கூட்டமைப்பு உடை. இரண்டு தலைமைகளும் தங்களுக்குத்தான் முதலிடம் என்று எடுத்துக்கொண்டு சம்மதித்தன.

அப்படியே நடந்தது. ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் ஆறு கோட்டு நடுவர்களும் மைதானத்தின் பின்னால் கட்டியிருந்த தார்ப்பாய்க்கு ஓடினார்கள். உடை மாற்றிக்கொண்டு திரும்பி ஓடி வந்தார்கள். வாசலில் பேரவையின் உடை ஆய்வாளர் ஒருவரும் கூட்டமைப்பின் உடை ஆய்வாளர் ஒருவரும் இஞ்சு டேப்போடு நின்றார்கள். இரண்டாம் நாள் ஒரு நடுவர் மயங்கி விழுந்தார். அவர் எந்த உடையில் விழுந்தார் என்பதைக் குறித்துக்கொண்ட பிறகு தண்ணீர் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் பதினாறு வயதுக்கு உட்பட்ட பெண்களின் இறுதிப் போட்டி. ஒரு பக்கம் கோவில்பட்டி ஃபேன்சி ஸ்டோர்க்காரரின் மகள் சுதாராணி. மறுபக்கம் புதூர் பக்கத்தில் ஆடு மேய்க்கும் சீனித்தாயின் மகள் செல்வமாரி. அரசுப் பள்ளிக்கு யாரோ நன்கொடையாகக் கொடுத்த நான்கு மட்டைகளில் ஒன்றை எடுத்து ஆடத் தொடங்கியவள். ஜெயிப்பவருக்குச் சென்னையில் ஒரு வருடம் இலவசப் பயிற்சியும் விடுதியும். சுதாராணி தோற்றாலும் அவள் அப்பா வேறு பயிற்சிக்கு அனுப்புவார். செல்வமாரி தோற்றால் பருத்தி எடுக்கப் போவாள்.

இருவரும் ஆளுக்கொரு செட் எடுத்தார்கள். மூன்றாவது செட் ஆளுக்கு ஆறு ஆட்டம் என்று வந்து நின்றது. இப்படிச் சமமானால் டைபிரேக் என்று ஒன்றை ஆடுவார்கள். இரண்டு புள்ளி வித்தியாசத்தோடு முதலில் ஏழு புள்ளி எடுப்பவர் வெற்றி. அதுவரை டென்னிஸ் உலகில் யாருக்கும் தோன்றாத ஒரு கேள்வி அப்போது கோவில்பட்டியில் எழுந்தது.

“பதிமூணாவது ஆட்டம். ஒத்தப்படை. கோட்டு போடுங்க,” என்றார் பேரவை ஆய்வாளர்.

சுந்தரேஸ்வரி துப்பட்டாவைக் கழற்றிக் கோட்டுக்குள் ஒரு கையை விட்டார்.

“டைபிரேக்குங்கது ஆட்டமே இல்ல. முன்னால ஆடுன பன்னெண்டாவதோட வால்,” என்றார் கூட்டமைப்பு ஆய்வாளர். “துப்பட்டா போடுங்க.”

“சார், ரெண்டு பேரும் பேசி ஒண்ணு சொல்லுங்க. பிள்ளைக காத்துக்கிட்டு நிக்கி,” என்றார் சுந்தரேஸ்வரி.

அவர்கள் பேசினார்கள். பிள்ளைகள் காத்திருந்து பார்த்துவிட்டு ஆடத் தொடங்கினார்கள். ஒரு கையில் கோட்டும் ஒரு தோளில் துப்பட்டாவுமாகச் சுந்தரேஸ்வரி தன் கோட்டுக்கு நேராகக் குனிந்தார். இரண்டு பக்கமிருந்தும் ஆய்வாளர்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பவில்லை. ஆறுக்கு ஐந்து என்று செல்வமாரி முன்னால் இருந்தாள். சுதாராணி ஓங்கி அடித்தாள். பந்து கோட்டைத் தாண்டி நான்கு விரற்கடை வெளியே விழுந்தது.

“அவுட்,” என்று கோட்டு மாட்டிய கையை நீட்டினார் சுந்தரேஸ்வரி.

செல்வமாரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுதாராணி வலையருகே வந்து கை கொடுக்கக் காத்து நின்றாள். உயர்ந்த நாற்காலியில் இருந்த இசக்கிராஜா மைக்கைத் தட்டினார். அதற்குள் இரண்டு ஆய்வாளர்களும் ஒரே குரலில் ஆட்சேபம் தெரிவித்துவிட்டார்கள். மூன்று வருடங்களில் இரண்டு அமைப்புகளும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

தேரிக்காட்டிலிருந்து லாரியில் கொண்டுவந்து கொட்டிய செம்மண் தரை அது. பந்து விழுந்த தடம் அதில் தெளிவாக இருந்தது.

“சார், தடம் இருக்கு. இறங்கி வந்து பாருங்க,” என்றார் சுந்தரேஸ்வரி.

“இருங்க டீச்சர். மொதல்ல உடை விஷயம் முடியட்டும்,” என்றார் இசக்கிராஜா.

கரிசலில் ஆனிக் காற்று மதியத்துக்கு மேல்தான் வேகம் பிடிக்கும். சுந்தரேஸ்வரி கோட்டைக் கழற்றித் தடத்தின் மேல் கூடாரம்போல் விரித்தார். அளவெடுக்க வேண்டும் என்று பேரவை ஆய்வாளர் கோட்டை எடுத்துக்கொண்டார். உடனே சுந்தரேஸ்வரி துப்பட்டாவை விரித்தார். மண்ணின் உடையை மண்ணில் போடுவது அவமதிப்பு என்று கூட்டமைப்பு ஆய்வாளர் துப்பட்டாவை எடுத்துக்கொண்டார். கடைசியில் சுந்தரேஸ்வரியே முட்டி போட்டுத் தடத்தைச் சுற்றிக் கையை வளைத்துக்கொண்டார். நடுவர் முட்டி போட்டு நிற்பதற்கு விதி இல்லை என்று இரண்டு பேரும் சேர்ந்து எழுப்பினார்கள். காலுறை அளந்து முடிந்தபோது மணி நாலே கால். தரை புதிதாகப் பெருக்கியதுபோல் இருந்தது.

முடிவு நிறுத்தி வைக்கப்பட்டது.

அடுத்த ஒரு வாரம் சுந்தரேஸ்வரிக்கு எதிலும் நிலைகொள்ளவில்லை. பள்ளியில் காரணமில்லாமல் விசில் ஊதினார். எட்டாம் வகுப்பை ஓடச் சொல்லிவிட்டு நிற்கச் சொல்ல மறந்தார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எட்டயபுரம் ரோட்டில் பாதி தூரம் போய்விட்டு எதற்கு வந்தோம் என்று திரும்பினார். நான்கு விரற்கடை. மூன்றாக இருக்குமோ என்று ஒரு நேரம் தோன்றும். கண்ணை மூடினால் நான்காகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் பள்ளி வாசலில் ஒரு பெண் வந்து நிற்பதாக வாட்ச்மேன் சொன்னார். சீனித்தாய். வெயிலில் நடந்து வந்த முகம். கையில் ஒரு மஞ்சள் பை.

“எம்மா டீச்சரு, எனக்கு இந்த வெளையாட்டு ஒண்ணும் தெரியாது,” என்றாள். “ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாவ. கோட்டுங்காவ, துப்பட்டாங்காவ. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கதுக்கு வந்தேன். பந்து உள்ள விழுந்துச்சா, வெளிய விழுந்துச்சா?”

அந்தக் கேள்வியை ஒரு வாரமாக யாரும் கேட்டிருக்கவில்லை.

“வெளியதான்க்கா. நாலு விரல்கட.”

“அப்போ எம்பிள்ள செயிச்சிட்டா.”

“செயிச்சிட்டா.”

“அது போதும். நாலு பேரு கேட்டா சொல்லுவியளா?”

“யாரும் கேக்க மாட்டாவக்கா. ஆனா கேட்டா சொல்லுவேன்.”

சீனித்தாய் மஞ்சள் பையிலிருந்து ஒரு பொட்டலம் கடலை மிட்டாயை எடுத்து, பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு இரண்டு மணி பஸ்ஸுக்குப் போனாள்.

மறுநாள் தீப்பெட்டி ஆலையின் கூட்ட அறையில் விசாரணை. பேரவையும் கூட்டமைப்பும் சேர்ந்து நடத்திய முதல் கூட்டு விசாரணை என்பதால் வாழைமரம் கட்டியிருந்தார்கள். மேஜைமேல் கோட்டு ஒரு தட்டிலும் துப்பட்டா ஒரு தட்டிலும் வைக்கப்பட்டிருந்தன.

பூவனநாதன் எழுந்தார்.

“இன்னிக்கு வெளிநாட்டுல பெரிய பெரிய போட்டிகள்ல கோட்டு நடுவர்களே கிடையாது. கேமரா வச்சிட்டாங்க. பந்து எங்க விழுந்துச்சுன்னு மெஷின் சொல்லிரும். அப்போ மனுஷங்க பந்தைப் பாக்க வேண்டிய அவசியம் போயிருச்சு. மிச்சம் இருக்கிறது என்ன? உடை. பந்து வரும், போகும். உடை நிக்கும். நான் முப்பது வருஷமா இந்த விளையாட்டுக்கு உழைக்கிறேன். ஒரு நாள்கூட முழு ஆட்டத்தையும் உக்காந்து பாத்ததில்லை. ஏன்னா என் கவனம் சிதறிரக் கூடாது.”

எல்லாரும் கை தட்டினார்கள். ஜானகியம்மாள் எழுந்தார்.

“அண்ணாச்சி சொன்னதை நான் முழுசா ஆதரிக்கிறேன். நிறத்துல மட்டும்தான் எங்களுக்குள்ள வேறுபாடு. பெண்கள் விளையாட்டுத் துறைக்கு வரணும், கோட்டோரத்துல நிக்கணும்னு போராடுனவ நான். வந்து நின்னா போதும். அவங்க என்ன பாக்கிறாங்கங்கிறது முக்கியமில்லை. அவங்களை நாலு பேர் பாக்கிறப்ப எப்படி இருக்காங்கங்கிறதுதான் முக்கியம்.”

இதற்கும் கை தட்டினார்கள். சுந்தரேஸ்வரி கையை உயர்த்தினார்.

“சார், பந்து வெளிய விழுந்துச்சு.”

இசக்கிராஜா குறிப்பேட்டைப் புரட்டினார். “அது விசாரணை வரம்புக்குள்ள வராது டீச்சர்.”

பூவனநாதன் ஒரு தாளை அன்போடு நகர்த்தினார். ‘பந்து விழுந்த நேரத்தில் நான் எந்தச் சீருடையிலும் முழுமையாக இல்லை. சீருடையில் இல்லாதவர் பார்த்தது பார்த்ததாகாது என்பதால், அந்தப் பந்தை நான் பார்க்கவில்லை’ என்று அதில் தட்டச்சு செய்திருந்தது.

“ஒரு கையெழுத்துதான். ஆட்டத்தை மறுபடி வச்சிருவோம். உங்களுக்கு மாநில நடுவர் பட்டியலுக்கு ரெண்டு அமைப்பும் சேந்து சிபாரிசு பண்ணும்,” என்றார்.

மாநிலப் பட்டியலுக்காகச் சுந்தரேஸ்வரி நான்கு முறை விண்ணப்பித்திருந்தார். பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

“சார், ‘பாக்கல’ங்கதை மட்டும் எடுத்துருங்க. உடை சரியில்லன்னு எழுதுங்க, போடுதேன்.”

“அதை எடுத்துட்டா தாள்ல என்ன இருக்கு?”

“அதான் சார் நானும் கேக்கேன்.”

பேனாவை மூடி வைத்தார். “பாத்ததைப் பாக்கலன்னு எழுதித்தர மாட்டேன். பதினோரு வருஷமா வேற ஒண்ணும் நான் செய்யல. பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்.”

இறுதிப் போட்டி மறுபடி நடக்கும். சுந்தரேஸ்வரிக்கு ஓராண்டுத் தடை. கோட்டோரம் நிற்கக் கூடாது. நடுவர் உடை அணியக் கூடாது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பிரிந்திருந்த இரு அமைப்புகளும் ஒரு பொது லட்சியத்தில் கை கோத்ததற்காகப் பூவனநாதனும் ஜானகியம்மாளும் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். வழக்கை வாபஸ் வாங்குவதாக அறிவித்தார்கள்.

மறு ஆட்டத்துக்குப் பொதுச் சீருடை தயாரானது. கோட்டு, அதன்மேல் துப்பட்டா. சமத்துவம் கருதி ஆண்களுக்கும் உண்டு. அவர்கள் விஷயத்தில் அதை அங்கவஸ்திரம் என்று சொல்ல வேண்டும். தொப்பிச் சின்னம் நெற்றிக்கும் காதுக்கும் நடுவில். வழக்கமாக வரும் மற்ற ஐந்து கோட்டு நடுவர்களும் அன்று வரவில்லை. ஐந்து பேருக்கும் ஒரே நாளில் ஒரே வீட்டுக் கல்யாணம் இருந்ததாகத் தகவல் சொன்னார்கள். ஆகவே தீப்பெட்டி ஆலையின் அலுவலகத்திலிருந்து ஆறு குமாஸ்தாக்கள் அழைத்து வரப்பட்டார்கள். சீருடை அவர்களுக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது. இரண்டு ஆய்வாளர்களும் இஞ்சு டேப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

சுந்தரேஸ்வரி போக வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தார். காலையிலிருந்து மூன்று முறை வீட்டைப் பூட்டித் திறந்தார். நான்காவது முறை பூட்டிவிட்டு, உடுத்தியிருந்த பச்சைச் சேலையோடு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் சீனித்தாய் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இரண்டாவது பந்தே கோட்டருகே விழுந்தது. அங்கே நின்ற குமாஸ்தா விறைப்பாக நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படித்தான் நிற்கச் சொல்லியிருந்தார்கள். இசக்கிராஜா அவரைப் பார்த்தார். குமாஸ்தா பூவனநாதனைப் பார்த்தார். பூவனநாதன் அவருடைய காலரைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். பந்து உள்ளேயா வெளியேயா என்பது யாருக்கும் தெரியவில்லை.

சுதாராணி மட்டையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு பார்வையாளர் பக்கம் திரும்பினாள். யாரையோ தேடினாள். மூன்றாவது வரிசையில் பச்சைச் சேலை கட்டிய ஒருவர் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய இரண்டு உள்ளங்கைகளும் தரையை நோக்கி விரிந்திருந்தன. விரித்தது அவருக்கே தெரியாது.

“உள்ளதான்,” என்றாள் சுதாராணி. செல்வமாரியும் தலையாட்டினாள். ஆட்டம் தொடர்ந்தது.

அடுத்த பந்துக்கும் இரண்டு பெண்களும் அங்கேயே திரும்பினார்கள். அதற்கடுத்ததற்கும். ஐந்தாவது ஆட்டத்துக்குள் இசக்கிராஜாவும் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் மூன்றாவது வரிசைக்கு ஓட்டிவிட்டுப் புள்ளி சொல்லப் பழகியிருந்தார். யாரும் ஆட்சேபிக்கவில்லை. பேரவையும் கூட்டமைப்பும் சீருடையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர்களுக்கு இது தெரியாது.

ஆளுக்கொரு செட் போன பிறகு மூன்றாவதில் செல்வமாரிக்கு ஒரு புள்ளிதான் பாக்கி. அவள் ஓங்கி அடித்தாள். பந்து கோட்டோரம் விழுந்தது. சனம் எழுந்து கத்தியது. சீனித்தாயும் எழுந்தாள்.

சுந்தரேஸ்வரியின் கை மடியிலேயே கிடந்தது. ஒரு மூச்சு நேரம்தான். பிறகு வலது கை பக்கவாட்டில் நீண்டது.

“என்னம்மா, வெளியவா?” என்றாள் சீனித்தாய்.

“வெளியதான்க்கா. மயிரிழை.”

சீனித்தாய் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். “வெளியன்னா வெளிய,” என்றாள்.

செல்வமாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் போய் நின்றாள். அதற்குப் பிறகு ஐந்து புள்ளிகள் ஆட வேண்டியிருந்தது. ஐந்தாவதில் சுதாராணியின் பந்து வலையிலேயே முட்டி விழுந்தது. செல்வமாரி ஜெயித்தது தெரிய யாரையும் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டு பெண்களும் வலையருகே கை கொடுத்துக்கொண்டார்கள். ஆட்டம் முடிந்ததும் நடுவருக்குக் கை கொடுப்பது டென்னிஸில் வழக்கம். இசக்கிராஜா நாற்காலியிலிருந்து குனிந்து கையை நீட்டினார். இருவரும் அந்த நாற்காலியைக் கடந்து, மைதானத்தைக் கடந்து, பார்வையாளர் கம்பி வரை நடந்து வந்தார்கள். சுதாராணி முதலில் கம்பிக்கு மேலே கையை நீட்டினாள். சுந்தரேஸ்வரி எழுந்து போய், வியர்த்த உள்ளங்கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கை கொடுத்தார். பிறகு செல்வமாரி கொடுத்தாள். அவள் கையை விடவில்லை.

பூவனநாதன் மைக்கைப் பிடித்தார். இரண்டு மணி நேர ஆட்டத்தில் ஒரு பந்துக்குக்கூடச் சர்ச்சை எழவில்லை, இதற்கு ஒரே காரணம் பொதுச் சீருடை என்று சொன்னார். ஜானகியம்மாள் அதை வழிமொழிந்தார். அடுத்த வருடத்திலிருந்து பந்து பொறுக்குபவர்களுக்கும் இது விரிவுபடுத்தப்படும் என்றார்கள். கை தட்டல் ஓய்ந்தது. சனம் கலைந்து, ஸ்கூட்டர்களும் பைக்குகளும் கிளம்பிப் போயின. பந்தல்காரர்கள் வந்து தார்ப்பாயை அவிழ்க்கத் தொடங்கினார்கள்.

ஆட்டம் முடிந்துவிட்டது என்று யாரும் சொல்லாததால், ஆறு குமாஸ்தாக்களும் துப்பட்டா காற்றில் படபடக்க, தங்கள் தங்கள் கோட்டோரம் நேரே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.